இணையம் இல்லாத நெட்வேர்க்கில் எந்த மணிக்கூட்டை நம்புவது?

திருகோணமலையில் நான் பார்த்துக்கொடுக்கும் சின்ன நெட்வேர்க்குகளில் ஒன்று, கடற்கரையை ஒட்டியிருக்கும் ஒரு மீன் கொள்வனவு நிலையம். நான்கு கணினிகள், கமராக்களைப் பதியும் ஒரு டிவிஆர் பெட்டி, வாசலில் ஒரு விரல் அடையாள மெஷின். இணையம் இல்லை. ஒருமுறை வைரஸ் வந்து ஆறு மாதக் கணக்கு பூட்டுப்பட்டுப் போனபின், "இனி இந்தப் பக்கம் இன்டர்நெட்டே வேண்டாம் தம்பி" என்று முதலாளி நானா சொல்லிவிட்டார். கணக்கை இழந்தவரின் முடிவு அது. அதை மாற்றச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை.

பிரச்சினை வேறு பக்கத்தால் வந்தது. ஒரு பின்னேரம் போன லொறிக்கு, பில் கணினியில் 4.31க்குப் பில் போடப்பட்டிருந்தது. கமராவிலோ அதே லொறி 4.10க்கே வாசலைத் தாண்டிப் போகிறது. பில் போடாமல் லொறியை வெளியே விட்டுவிட்டு, பிறகு ஆறுதலாகக் கணக்குக் காட்டியிருக்கிறான் என்று தராசடியில் நின்ற பொடியன் மேல் பழி விழுந்தது. அவன் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். நான் செய்தது ஒன்றுதான்: கையில் போனைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு திரையாகப் போய் நேரத்தைத் தாளில் எழுதினேன். பில் கணினி 14 நிமிடம் முந்தி ஓடியது. டிவிஆர் 8 நிமிடம் பிந்தி ஓடியது. கழித்துப் பார்த்தால் பில் போட்டது 4.17க்கு, லொறி வெளியேறியது 4.18க்கு. பொடியன் எல்லாம் முறையாகத்தான் செய்திருக்கிறான்.

அந்தத் தாளை நானாவிடம் கொடுத்தபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "இனி இப்படி வராமல் என்ன செய்யலாம்?" அதற்காக நான் ஆராய்ந்து பார்த்த வழிகள்தான் இவை. சின்ன வைத்தியசாலை, பாடசாலைக் கணினி அறை, கூட்டுறவுச் சங்கம் என்று வெளித்தொடர்பு இல்லாத நெட்வேர்க் வைத்திருக்கும் யாருக்கும் இதே கேள்வி வரும்.

முதலில், மணிக்கூடு ஏன் பிழைக்கிறது என்று பார்ப்போம். கணினி அணைந்திருக்கும்போது நேரத்தைப் பிடித்து வைப்பது, காசு அளவு சிஆர்2032 பற்றரியில் ஓடும் ஒரு சின்னப் படிகம். அது செக்கனுக்கு 32,768 தடவை அதிரும். இந்த வகைப் படிகங்கள் பொதுவாகப் பத்து லட்சத்தில் 20 பங்கு வரை பிழைக்கலாம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அது நாளுக்கு 1.7 செக்கன், மாதத்துக்கு 52 செக்கன். அந்த வேகத்தில் 14 நிமிடம் பிழைக்கப் பதினாறு மாதம் போதும். அந்தப் பில் கணினியைப் பொருத்தி அதைவிடக் கூடக் காலம். இயங்கும்போது கணினி எண்ணுவது வேறொரு படிகத்தை, ஆனால் அதுவும் மலிவு ரகம்தான்.

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. இந்தப் படிகங்களைச் செய்வது 25 பாகை செல்சியஸில் சரியாக ஓடுமாறு. அதிலிருந்து 10 பாகை விலகினால் பத்து லட்சத்தில் மூன்றரைப் பங்கு பிந்தும், 20 பாகை விலகினால் 13, 14 பங்கு பிந்தும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஏசி இல்லாத அறையில், மூடிய பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று திருகோணமலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஏசி உள்ள அலுவலகக் கணினியும் வாசல் சுவரில் வெயில் வாங்கும் விரல் மெஷினும் ஒரே வேகத்தில் ஓட வழியே இல்லை.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மெஷின்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பது ஒன்று. நாட்டு நேரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பது மற்றது. பொடியனுக்கு வந்த வினை முதலாவதால் வந்தது. எல்லா மெஷினும் சேர்ந்து பத்து நிமிடம் பிழைத்திருந்தால்கூட அவனை யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். மூடிய நெட்வேர்க்கில் முதலாவதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும், அதற்குக் காசும் அதிகம் வேண்டாம்.

மிகச் சுலபமான வழி, மாதம் ஒருமுறை ஒருவர் போனைப் பார்த்து ஒவ்வொரு மெஷினாக நேரம் வைப்பது. கடையில் ஒரு கணினியும் ஒரு கமராப் பெட்டியும்தான் என்றால் இது போதும், வேறு எதையும் வாங்காதீர்கள். போன் கோபுரத்திலிருந்து எடுக்கும் நேரம் ஓரிரு செக்கன் பிசகலாம், கையால் அழுத்தும்போது இன்னும் அரைச் செக்கன் போகும். அது பெரிய விடயமில்லை. மூன்றாம் மாதம் யாரும் செய்ய மாட்டார்கள் என்பதுதான் விடயம். நான் பார்த்த எந்த இடத்திலும் இந்தப் பழக்கம் நிலைத்ததில்லை.

இடையில் இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கேட்கிறார்கள். ஜெர்மனியிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவுக்காரர் 'தானே நேரம் பிடிக்கும்' சுவர் மணிக்கூடு கொண்டுவருவதுண்டு. என் பெரியப்பா கொண்டுவந்த ஒன்று எங்கள் வீட்டிலும் இருந்தது. பற்றரி போட்டதும் முட்கள் 12க்கு ஓடிப்போய் நின்று, சிக்னலுக்காகக் காத்திருக்கும். எங்கள் வீட்டில் அது காத்துக்கொண்டே இருந்தது. ஜெர்மன் மணிக்கூடு தேடுவது பிராங்க்பேர்ட்டுக்குப் பக்கத்திலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில் வரும் நெடு அலையை. அதன் எல்லை சுமார் 2,000 கிலோமீட்டர். ஜெர்மன் வானொலி திருகோணமலையில் ஒரு காலம் மறு ஒலிபரப்பு நிலையம் நடத்தியது உண்மைதான், ஆனால் அது நிகழ்ச்சிகளைச் சிற்றலையில் அனுப்பிய நிலையம், இந்த நேர சிக்னலோடு சம்பந்தமில்லை. ஆகவே இந்த வழியை நம்பி எதையும் வாங்க வேண்டாம்.

சரி, அடுத்தது உண்மையான தெரிவு: ஒரு கணினியைத் தலைமையாக வைத்து, மற்றதெல்லாம் அதைப் பார்த்து நடக்கச் செய்வது. இதற்கான மொழி என்டிபி. அமெரிக்காவின் டெலவெயார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டேவிட் மில்ஸ் வடிவமைத்தது. 1985இல் வந்தது, இன்றும் இணையத்தில் கணினிகள் நேரம் கேட்பது பெரும்பாலும் இதில்தான். இது வேலை செய்ய இணையம் தேவையில்லை, கணினிகளை இணைக்கும் ஒரு நெட்வேர்க் சுவிட்சும் வயரும் போதும். நல்ல வயர் நெட்வேர்க்கில் கணினிகள் ஒன்றுக்கொன்று ஒரு மில்லிசெக்கனுக்குள் வந்துவிடும்.

ஆனால் என்டிபி கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. 'உனக்கு யார் நேரம் சொன்னது?' என்று தலைமைக் கணினியைக் கேட்கும். யாரும் சொல்லவில்லை என்றால் அதன் பேச்சை மற்றவை எடுக்காது. அணுக் கடிகாரம் பூச்சியம், அதைப் பார்ப்பது ஒன்று, அதைப் பார்ப்பது இரண்டு என்று 15 வரை படிநிலை உண்டு, 16 என்றால் நம்பத் தகாதது. தலைமைக் கணினியிடம் 'உன் சொந்த மணிக்கூட்டையே நம்பு, உன் படிநிலை 10 என்று சொல்' என்று எழுதி வைக்க வேண்டும். 10 என்று தாழ்த்தி வைப்பதற்குக் காரணம், நாளைக்கு உண்மையான நேரமூலம் ஒன்று வந்தால் எல்லா மெஷினும் தாமாக அதன் பக்கம் சாயும். இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டுவிட்டு 'என்டிபி வேலை செய்யவில்லை' என்று கைவிட்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன். விண்டோஸிலும் செய்யலாம், அதன் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் போய் மாற்ற வேண்டும். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் க்ரோனி என்ற மென்பொருள் இதற்கு மிகச் சுகம்.

க்ரோனியில் எனக்குப் பிடித்த ஒரு வசதி இருக்கிறது. அதற்குக் கையால் நேரம் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு வெள்ளிக்கிழமை போனைப் பார்த்துச் சரியான நேரத்தை அடிக்கிறீர்கள், அடுத்த வெள்ளி திரும்ப அடிக்கிறீர்கள். இடையில் தன் படிகம் எவ்வளவு முந்தியது, பிந்தியது என்று கணக்குப் போட்டு, அந்த வேகப் பிழையை அதுவே திருத்திக்கொண்டு ஓடத் தொடங்கும். உங்கள் விரல் ஒவ்வொரு தடவையும் அரைச் செக்கன் தவறினாலும், ஒரு வாரத்துக்குப் பரப்பிப் பார்த்தால் அது பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்குதான். வாரத்துக்கு 12 செக்கன் ஓடிப்போன கணினி, ஒரு சதமும் செலவில்லாமல் ஓரிரு செக்கனுக்குள் அடங்கிவிடும். பழைய கப்பல் மாலுமிகள் க்ரோனோமீட்டர் மணிக்கூட்டை அடிக்கடி திருகாமல், அது நாளுக்கு எவ்வளவு பிழைக்கிறது என்று எழுதி வைத்துக் கழித்துக்கொள்வார்கள். அதே வேலைதான் இது.

தலைமைக்கு எந்தப் பெட்டியை வைப்பது என்பதில் கவனம் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று பலர் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியை வைக்கிறார்கள். ஐந்தாம் தலைமுறைக்கு முந்திய ராஸ்பெரி பைகளில் பற்றரி மணிக்கூடே இல்லை. கரண்ட் போனால் அதற்கு நேரமும் போய்விடும். திரும்ப எழும்பும்போது, கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை என்றால் மூன்று மணித்தியாலம் பிந்திய நேரம். திகதி சரியாக இருக்கும், மணி மட்டும் பிழை. பார்த்தவுடன் யாருக்கும் சந்தேகம் வராது, அதுதான் இதன் ஆபத்து. மைக்ரோடிக் ரவுட்டரும் நேரம் கொடுக்கும், ஆனால் அதன் பெரும்பாலான மாடல்களிலும் பற்றரி இல்லை. அது 1970ஆம் ஆண்டோடு எழும்பினால் ஒன்றும் மறையாது, உடனே தெரிந்துவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியதை நாம் மறக்கவில்லை. யூபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது.

அதனால் அடுத்த படி, தலைமைக் கணினிக்கு ஒரு நல்ல மணிக்கூடு வாங்கிக் கொடுப்பது. டிஎஸ்3231 என்ற சிப் உள்ள சின்ன மின்சுற்றுத் தட்டு ஒன்று இருக்கிறது. விலை சில நூறு ரூபாதான். அது தன் சூட்டைத் தானே அளந்து, அதற்கேற்பப் படிகத்தின் வேகத்தைத் திருத்தும். 0 முதல் 40 பாகை வரை பிழை பத்து லட்சத்தில் 2 பங்குக்குள், அதாவது வருடத்துக்கே ஒரு நிமிடமளவு. நம் ஊர்ச் சூட்டுக்கு இதைப்போல் பொருத்தமான பொருள் வேறில்லை. ராஸ்பெரி பையில் நான்கு வயர் கொடுத்தால் வேலை முடிந்தது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்து எழும்பினேன். கணினி இயங்கும்போது இந்தத் தட்டைப் பார்ப்பதில்லை, தன் சொந்த மலிவுப் படிகத்தைத்தான் எண்ணும். தொடங்கும்போது மட்டும் தட்டிலிருந்து நேரம் எடுக்கும். அதைவிட மோசம், தன் நேரம் சரியென்று நினைத்துக்கொண்டால் லினக்ஸ் 11 நிமிடத்துக்கு ஒருமுறை அந்த நேரத்தைத் தட்டில் எழுதவும் செய்யும். நல்ல மணிக்கூட்டைக் கெட்ட மணிக்கூடு திருத்துகிறது! அந்த எழுத்தை நிறுத்திவிட்டு, மணிக்கு ஒருமுறை தட்டைப் படித்துக் கணினியைத் திருத்த ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் தட்டு வாங்கியதில் பாதிப் பலன் இல்லை.

கடைசியாக ஜிபிஎஸ். இதைப் பற்றிச் சொன்னதும் நானா முதலில் கேட்டது, "தம்பி, சட்டலைட் என்றால் நம்ம கணக்கெல்லாம் மேலே போயிடாதா?" நியாயமான கேள்வி, பலருக்கு இருக்கும் பயம். ஜிபிஎஸ் கருவி ரேடியோப் பெட்டியைப் போலக் கேட்க மட்டும் செய்யும், ஒன்றையும் அனுப்பாது. மேலே சுற்றும் ஒவ்வொரு செய்மதியிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது, அவை நேரத்தைச் சொல்லிக்கொண்டே போகின்றன. உங்கள் நெட்வேர்க் மூடியபடியே இருக்கும், நாட்டு நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்ற இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். சில ஆயிரம் ரூபாவுக்கு யூஎஸ்பியில் செருகும் கருவி வாங்கலாம்.

யூஎஸ்பி கருவி நேரத்தை எழுத்து வரிகளாக அனுப்பும். அந்த வரி வந்து சேர ஒரு செக்கனில் பத்தில் சில பங்கு தாமதம் ஆகும், அதை அளந்து கழித்துவிடலாம். கூர்மையாக வேண்டும் என்றால், ஒவ்வொரு செக்கனும் பிறக்கும் கணத்தில் துடிப்புக் கொடுக்கும் தனி வயர் உள்ள தட்டு வாங்க வேண்டும். அது மைக்ரோசெக்கன் கணக்கில் நிற்கும். மீன் நிலையத்துக்கு அது தேவையில்லை. பில்லும் கமராவும் அரைச் செக்கனுக்குள் ஒத்தாலே தாராளம்.

ஜிபிஎஸ் வாங்கினால் கவனிக்க வேண்டியவை எல்லாம் பொருத்தும் இடத்தில்தான் இருக்கின்றன. தகரக் கூரைக்குக் கீழே ஒன்றும் கேட்காது, அன்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும். ஆனால் கூரை உச்சியில் வைக்காதீர்கள். ஒக்டோபர், நவம்பர் இடி மழையில் அந்த வயர் வழியே கணினிக்கு வினை வரும். தாழ்வாரத்தின் கடல் பார்த்த ஓரம் போதும். அங்கே உப்புக் காற்று இணைப்புகளைத் தின்னும் என்பதால் சுற்றி ரப்பர் டேப் ஒட்ட வேண்டும். இன்னொன்று, புதிதாகச் செருகியதும் காட்டும் நேரத்தை உடனே நம்ப வேண்டாம். ஜிபிஎஸ்ஸின் உள் நேரம் உலக நேரத்தை விட 18 செக்கன் முந்தி ஓடுகிறது, 2017 ஜனவரி முதல் அப்படித்தான். அந்த 18ஐக் கழிக்கச் சொல்லும் தகவல் செய்மதியிலிருந்து 12.5 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் வரும். அதுவரை சில கருவிகள் சில செக்கன் பிசகிக் காட்டலாம். இருபது நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பழைய கருவிகளை வாங்கவே வேண்டாம். செய்மதிகள் அனுப்பும் வார எண் 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பர். இதைச் சமாளிக்கத் தெரியாத கருவி மணியைச் சரியாகச் சொல்லி, திகதியைப் பத்தொன்பதரை வருடம் பின்னால் காட்டும்.

இவற்றுக்கு மேலும் உண்டு: மைக்ரோசெக்கனுக்கும் கீழே ஒத்துப்போக வைக்கும் பிடிபி, ருபீடியம் கடிகாரம். அவை மின்சார விநியோகம், தொலைத்தொடர்புக் கோபுரம் போன்ற இடங்களுக்கு. நமக்கு வேண்டாம்.

எந்த வழியை எடுத்தாலும் நேர வலயத்தைத் தனியாகச் சரிபாருங்கள். என்டிபி கொண்டுவருவது உலக நேரம் மட்டும், அதில் ஐந்தரை மணித்தியாலம் கூட்டுவது ஒவ்வொரு மெஷினின் வேலை. நம் நாட்டில் 1996 மே மாதம் மின்சாரம் மிச்சம் பிடிக்க ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைத்தார்கள், அதே ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்து ஆறாக்கினார்கள், 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கு வந்தோம். பழைய விண்டோஸில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்று தெரிவு செய்தால் இன்னும் ஆறு கூட்டும். அப்படிப்பட்ட கணினியில் சென்னை, கொல்கத்தா என்றிருப்பதைத் தெரிவு செய்தால் சரி. அரை மணித்தியாலம் துல்லியமாகப் பிழைத்தால் படிகத்தைத் திட்ட வேண்டாம், இதைப் பாருங்கள். அப்புறம், சூரியனைப் பார்த்துச் சரிபிடிக்கவும் முடியாது. நாட்டு நேரம் 82.5 பாகைக் கிழக்குக்கு உரியது, நாம் இருப்பது 81.2க்கு அருகில். கோணேசர் மலைக்கு மேல் சூரியன் உச்சிக்கு வருவது வருடச் சராசரியில் 12.05க்கு.

நானாவுக்கு நான் சொன்னது ஜிபிஎஸ்ஸையும் டிஎஸ்3231 தட்டையும் சேர்த்து, ஒரு ராஸ்பெரி பையில். வானம் தெரியும்போது ஜிபிஎஸ் பேசும். அது பழுதானாலும், கரண்ட் போய் வந்தாலும் தட்டு பிடித்து வைத்திருக்கும். தட்டு மட்டும் போதாதா என்று நானா கேட்டார். வருடம் ஒரு நிமிடம் அவருக்குப் பெரிதில்லைதான். ஆனால் லொறிச் சாரதிகள் தங்கள் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள், நாளைக்கு வழக்கென்று வந்தால் பொலிஸின் நேரத்தோடும் ஒத்துப்போக வேண்டும். அதனால் ஜிபிஎஸ்ஸுக்குக் காசு கொடுக்கலாம் என்றேன். மாடிக் கட்டடத்துக்குள், யன்னலே இல்லாத அறையில் இருப்பவருக்கு நான் தட்டையும் வெள்ளிக்கிழமை சரிபார்ப்பையும்தான் சொல்வேன். பழைய கணினி ஒன்று சும்மா கிடக்கிறது, காசில்லை என்னும் பாடசாலைக்கு க்ரோனியும் கைக்கணக்கும்.

முதல் நாள் திருத்தத்தை இரவில் கடை பூட்டியபின் செய்தேன். சின்னப் பிழை என்றால் என்டிபி நேரத்தைக் குதிக்கவிடாமல் மெல்ல இழுக்கும், அப்படி இழுப்பதன் வழக்கமான அதிகபட்ச வேகம் செக்கனுக்கு அரை மில்லிசெக்கன். 14 நிமிடத்தை அப்படி இழுத்தால் பத்தொன்பது நாளுக்கு மேல் போகும். கையால் ஒரேயடியாக வைக்கலாம், ஆனால் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது நேரத்தைப் பின்னுக்கு வைத்தால், பிந்திய பில்லில் முந்திய நேரம் பதிந்து கணக்குக் குழம்பும். மென்பொருளை மூடி, நேரத்தை வைத்து, 14 நிமிடத்துக்கு மேல் காத்திருந்து திறந்தேன். டிவிஆருக்கு என்டிபி தெரியும், தலைமையின் முகவரியை மட்டும் கொடுத்தேன். விரல் மெஷினுக்குத் தெரியாது. அதற்கு நேரம் அனுப்புவது அலுவலகக் கணினியில் உள்ள அதன் மென்பொருள், அதைத் தினமும் காலை ஐந்து மணிக்கு ஓடும்படி வைத்தேன்.

சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு கொப்பி தொங்குகிறது. வெள்ளிக்கிழமைகளில் ஏழு இடத்து நேரத்தையும், போன் நேரத்தையும் ஒரே வரியில் எழுத வேண்டும். எழுதுபவன் அந்தத் தராசடிப் பொடியன்தான், அவனே கேட்டு எடுத்துக்கொண்டான். போன வாரம் விரல் மெஷின் மட்டும் இரண்டு செக்கன் பிந்தியிருந்தது என்று சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறான். அதன் மென்பொருளை இனி நாளுக்கு இரண்டு தடவை ஓடவிடப் போகிறேன்.